வீரரின் மதப் பதிவும் நிறுவனத்தின் நடவடிக்கையும்: சென்னை நிறுவனங்களுக்கும் வீரர்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

பெரம்பூர் ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, வருமான வரித் துறை, தமிழ்நாடு காவல்துறை என்று இந்த நகரத்து வாலிபால், கூடைப்பந்து, ஹாக்கி அணிகளின் பெயர்களைப் பார்த்தாலே ஒன்று விளங்கும்: இங்கே ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஓர் அலுவலகத்தின் சம்பளப் பட்டியலில் இருப்பவர்கள். கிரிக்கெட் லீக்கிலும் தனியார் நிறுவனங்கள் நடத்தும் அணிகள் நீண்ட காலமாக உண்டு. எனவே, ஒரு வீரர் இரவில் தன் கைபேசியிலிருந்து மதம் பற்றி எதையோ எழுதி, மறுநாள் காலை அது ஊரெங்கும் சுற்றும்போது, அந்தத் தலைவலி பயிற்சியாளரோடு நிற்பதில்லை. பணியாளர் பிரிவு, விளையாட்டுச் செயலாளர், சங்கம், வழக்கறிஞர் என்று எல்லோர் மேசைக்கும் வந்து சேருகிறது.

இவ்வழிகாட்டி முதன்மையாக அந்த மேசைகளில் உட்கார்ந்திருப்பவர்களுக்காகவும், அடுத்தபடியாக வீரர்களுக்காகவும் எழுதப்பட்டது. வீரரின் நம்பிக்கை சரியா தவறா என்று முடிவு செய்யும் வேலை நிறுவனத்துக்கு இல்லை. எந்த விதி முன்பே சொல்லப்பட்டிருந்தது, பதிவு யாரை நோக்கி என்ன சொன்னது, அதனால் வேலைக்கு என்ன நேர்ந்தது என்ற மூன்றை மட்டுமே அது கேட்க முடியும். இம்மூன்றுக்கும் எழுத்தில் விடை இல்லாமல் எடுக்கப்படும் நடவடிக்கை, அன்றைக்கு எவ்வளவு கைதட்டல் வாங்கினாலும், பின்னால் நிற்காது.

எல்லோரும் எடுத்துக்காட்டும் ஆஸ்திரேலிய வழக்கு

இத்தகைய பேச்சு எழுந்தவுடன் யாராவது இஸ்ரேல் ஃபொலாவின் பெயரைச் சொல்லிவிடுவார்கள். எனவே அதைச் சரியாகத் தெரிந்துகொள்வது நல்லது. ஆஸ்திரேலிய ரக்பி அணியின் நட்சத்திரமான அவர், 2019 ஏப்ரல் 10 அன்று இன்ஸ்டாகிராமில், குடிகாரர், தன்பாலீர்ப்பாளர், விபச்சாரம் செய்பவர், பொய்யர், திருடர், நாத்திகர், உருவ வழிபாடு செய்பவர் முதலானோருக்கு நரகம் காத்திருக்கிறது, மனந்திரும்புங்கள் என்ற பொருளில் ஒரு படத்தைப் பதிவிட்டார். அதற்கு முந்தைய ஆண்டே ஒரு ரசிகரின் கேள்விக்கு இதே போன்ற பதிலை எழுதிச் சர்ச்சையில் சிக்கியிருந்தார். அப்போது அவர்மீது தண்டனை நடவடிக்கை எதுவும் எடுக்கப்படவில்லை. இரண்டாம் முறை, அந்நாட்டு ரக்பி நிர்வாக அமைப்பான ரக்பி ஆஸ்திரேலியா பொறுக்கவில்லை. மூவர் குழு விசாரித்து, நடத்தை விதியைக் கடுமையாக மீறியதாகக் கண்டறிந்தது. மே 17 அன்று ஒப்பந்தம் முறிக்கப்பட்டது. அந்நாட்டின் 2009-ஆம் ஆண்டுப் பணிச் சட்டத்தின் 772-ஆம் பிரிவு மதத்தைக் காரணமாக வைத்து வேலைநீக்கம் செய்வதைத் தடுக்கிறது. அதைச் சுட்டி அவர் வழக்குத் தொடுத்தார். 2019 டிசம்பரில் இரு தரப்பும் சமரசமாகி, ஒருவருக்கு ஒருவர் ஏற்படுத்திய மனவருத்தத்துக்கு வருத்தம் தெரிவித்துக்கொண்டன. தொகை வெளியிடப்படவில்லை.

ஆக, அந்த வழக்கில் தீர்ப்பு என்று ஒன்று வரவே இல்லை. “ஃபொலா வழக்கில் நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பானது” என்று சொல்பவரும் “மதச் சுதந்திரம் வென்றது” என்று சொல்பவரும் இல்லாத தீர்ப்பைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். நமக்குப் பயன்படும் பாடம் வேறு. சமூக ஊடகம் பற்றித் தனி நிபந்தனை எதுவும் அவருடைய புதிய ஒப்பந்தத்தில் எழுதப்படவில்லை என்று அப்போது பரவலாகச் செய்தி வந்தது. முதல் பதிவுக்கும் புதிய ஒப்பந்தத்துக்கும் இடையே பல மாதங்கள் இருந்தன. அந்த இடைவெளியில் செய்ய வேண்டியிருந்த எழுத்து வேலையைத்தான் பின்னர் விசாரணைக் குழுவின் முன் வாதமாகச் செய்ய வேண்டிவந்தது.

முதற்படி: இந்த வீரர் யாருடைய ஊழியர், எந்த விதிக்கு உட்பட்டவர்?

இதை உறுதி செய்யாமல் ஒரு வரிகூட எழுதக் கூடாது. ஒரே அணியில் ஆடும் ஆறு பேர் ஆறு வகை ஊழியர்களாக இருக்கலாம்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்த ரயில்வே ஊழியருக்கு 1966-ஆம் ஆண்டின் ரயில்வே பணி நடத்தை விதிகளும், 1968-ஆம் ஆண்டின் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளும் பொருந்தும். பெரிய தண்டனை என்றால் எஸ்.எஃப். 5, சிறிய தண்டனை என்றால் எஸ்.எஃப். 11 என்று படிவமே வேறு. வருமான வரித் துறை போன்ற மத்திய அரசு அலுவலகங்களுக்கு 1964-ஆம் ஆண்டின் நடத்தை விதிகளும் 1965-ஆம் ஆண்டின் ஒழுங்கு விதிகளும் உள்ளன. தமிழ்நாடு அரசு ஊழியருக்கு 1973-ஆம் ஆண்டின் நடத்தை விதிகள்; நடவடிக்கை, தனி ஒழுங்கு விதிகளின் 17ஏ (சிறிய தண்டனை) அல்லது 17பி (பெரிய தண்டனை). காவல்துறை அணியில் ஆடும் காவலருக்கு அதே வேலையை 3ஏ, 3பி செய்கின்றன. இவர்கள் எல்லோரும் அரசின் ஊழியர்கள் என்பதால், மத அடிப்படையில் பாகுபாடு காட்டக் கூடாது என்ற அரசமைப்பின் 16(2) பிரிவும், மனச்சான்றுச் சுதந்திரம் தரும் 25-ஆம் பிரிவும், வாய்ப்பு அளிக்காமல் வேலையைப் பறிக்கக் கூடாது என்ற 311-ஆம் பிரிவும் அவர்களுக்குக் கவசம். பொதுத்துறை வங்கி ஊழியருக்கு 311 கிடையாது. ஆனாலும் வங்கி அரசின் அங்கமாகக் கருதப்படுவதால் அடிப்படை உரிமைகளைச் சொல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

தனியார் நிறுவன ஊழியரின் நிலை மெலிந்தது. ஆஸ்திரேலியாவின் 772 போல, மதக் காரணத்துக்காகத் தனியார் முதலாளி வேலைநீக்கம் செய்வதை நேரடியாகத் தடுக்கும் பொதுச் சட்டம் நம்மிடம் இல்லை. அவருக்குக் கிடைப்பது தொழிலாளர் சட்டத்தின் பாதுகாப்பு: முன்பிருந்த 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தைப் போலவே, 2025 நவம்பரில் அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்த 2020-ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் தொகுப்பும், பழிவாங்கும் நோக்கில் வேலைநீக்கம் செய்வதை நேர்மையற்ற நடைமுறை என்கிறது. அதற்கும் அவர் ‘தொழிலாளி’ என்ற வரையறைக்குள் வர வேண்டும். எழுத்தராகவோ தொழில்நுட்பப் பணியாளராகவோ பதிவேட்டில் இருந்தால் வருவார். சீசனுக்கு மட்டும் ஒப்பந்தம் போட்டு ஆடுபவர் பெரும்பாலும் வரமாட்டார். அவருக்கு ஒப்பந்தமே வேதம், இழப்பீடே பரிகாரம். தனிப்பட்ட சேவை ஒப்பந்தத்தை வலுக்கட்டாயமாகத் தொடரச் சொல்லி நீதிமன்றம் பொதுவாக உத்தரவிடுவதில்லை.

தனியார் என்றால் அடிப்படை உரிமைப் பேச்சே எழாது என்றும் நினைத்துவிட வேண்டாம். 2023 ஜனவரியில் கௌஷல் கிஷோர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மைத் தீர்ப்பு, அரசமைப்பின் 19 (பேச்சுச் சுதந்திரம் முதலியவை), 21 (வாழ்வுரிமை) ஆகிய பிரிவுகளின் உரிமைகளை அரசு அல்லாதவர்களுக்கு எதிராகவும் வலியுறுத்தலாம் என்றது. அது பணியிடங்களில் எவ்வளவு தூரம் நீளும் என்பது இனிமேல்தான் தெளிவாகும்.

இரண்டாம் படி: விதியை அமைதிக் காலத்திலேயே எழுதி வைப்பது

1983-ல் கிளாக்சோ லேபரட்டரீஸ் வழக்கிலும், அடுத்த ஆண்டு ஏ.எல். கால்ரா வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம் இது: தவறான நடத்தை எது என்பது முன்கூட்டியே விதியில் இடம்பெற்றிருக்க வேண்டும், நடந்து முடிந்த ஒரு செயலைப் பிறகு எடுத்துப் பார்த்து ‘இதுவும் தவறுதான்’ என்று நிறுவனம் சேர்த்துக்கொள்ள முடியாது. கிளாக்சோ வழக்கு ஆலை வளாகத்துக்கு வெளியே நடந்தவற்றைப் பற்றியது என்பதால் நமக்கு இன்னும் நெருக்கமானது. வீட்டிலிருந்து, விடுமுறை நாளில், சொந்தக் கணக்கில் எழுதியதற்கு நடவடிக்கை என்றால், அந்தப் பதிவுக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் விதி கையில் இருக்க வேண்டும்.

பல நிறுவனங்களின் சமூக ஊடகக் கொள்கையில் ‘நிறுவனத்தின் நற்பெயருக்குக் களங்கம் விளைவிக்கும் எதுவும்’ என்ற ஒரே வரிதான் இருக்கிறது. அது எல்லாவற்றையும் பிடிப்பது போலத் தோன்றினாலும் விசாரணையில் எதையும் பிடிக்காது. அதற்கு மாற்றாக ஒரு மாதிரி வாசகத்தைத் தருகிறேன்:

“ஊழியர் தம் சொந்தச் சமய நம்பிக்கையை, அல்லது நம்பிக்கையின்மையை, வெளிப்படுத்துவதற்கு இவ்விதி தடையாகாது. எந்தச் சமயத்தவரையும் சமயம் சாராதவரையும் அந்த அடிப்படையில் இழிவுபடுத்தும், புறக்கணிக்கத் தூண்டும், மிரட்டும் பதிவுகளையும், உடன் பணிபுரிவோரையோ உடன் ஆடுவோரையோ அவர்களுடைய சமயத்தைச் சுட்டித் தாக்கும் பதிவுகளையும் பொது வெளியில் இடுவது தவறான நடத்தையாகும். பிறருடைய பதிவை ஒப்புதலுடன் பகிர்வதும் இதில் அடங்கும்.”

இதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டு, ஒப்பந்தத்தோடு இணைத்து, வீரரிடம் கையெழுத்து வாங்குங்கள். பதினெட்டு வயதில் கூடைப்பந்துத் திறமைக்காக வேலைக்கு எடுக்கப்பட்ட ஒரு பிள்ளை, சேர்க்கை நாளன்று நீட்டப்படும் காகிதக் கட்டில் இதைப் படிக்கப்போவதில்லை. சீசன் தொடங்கும்போது பயிற்சியாளரை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் வாய்விட்டு விளக்குவதும், வந்தவர்களின் பெயரைப் பதிவேட்டில் குறிப்பதும், பின்னாளில் நூறு பக்க வாதத்துக்குச் சமம்.

நிலையாணைகள் (பணி நிபந்தனைகளை வகுத்துச் சான்றளிப்புப் பெற்ற ஆணைகள்) பொருந்தும் நிறுவனமாக இருந்தால், கொள்கைக் குறிப்பில் மட்டும் எழுதினால் போதாது. ஆணைகளிலும் திருத்தம் செய்து சான்றளிப்புப் பெற வேண்டும்.

மூன்றாம் படி: பதிவைக் கைப்பற்றுதல்

யாரோ அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டை வைத்து நடவடிக்கை தொடங்குவதே இத்தகைய வழக்குகளின் பொதுவான பலவீனம். படத்தில் தேதி இருக்காது. கீழே இருந்த உரையாடல் வெட்டப்பட்டிருக்கும். சில நேரம் கணக்கே போலியாக இருக்கும். இரண்டு பேர் சேர்ந்து அந்தப் பதிவை நேரடியாகத் திறந்து, இணைப்பு முகவரி, கணக்கின் பெயர், பதிவிட்ட நாளும் நேரமும், சுயவிவரத்தில் நிறுவனத்தின் பெயரோ அணிச் சீருடைப் படமோ உள்ளதா என்பது, முழு உரையாடல் ஆகியவற்றைப் பதிந்து, ஒரு குறிப்பில் இருவரும் கையெழுத்திட வேண்டும். துறை விசாரணையில் சாட்சியச் சட்டத்தின் கறாரான விதிகள் அப்படியே பொருந்துவதில்லை. ஆயினும் விவகாரம் நீதிமன்றம் போனால் 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும் மின்னணுச் சான்றிதழ் கையில் இருப்பது நல்லது.

பதிவு எங்கே இடப்பட்டது என்பதையும் குறியுங்கள். தமிழ்நாடு கிராம வங்கி ஊழியர் ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் நிர்வாகத்தைக் கேலி செய்து பகிர்ந்ததற்காகத் தரப்பட்ட குற்றச்சாட்டுக் குறிப்பாணையைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு 2023-ல் ரத்து செய்தது. ஊழியர்கள் தங்களுக்குள் குமுறிக்கொள்ளவும் உரிமை உண்டு என்பதே அதன் அணுகுமுறை. அது மதம் பற்றிய வழக்கன்று. ஆனால் மூடிய குழுவில் நடக்கும் பேச்சையும் ஊரறியப் போடும் பதிவையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்பதற்கு அது போதும். வீரரின் கைபேசியைக் கேட்டு வாங்கித் துழாவுவதை அறவே தவிருங்கள்.

நான்காம் படி: பதிவை வாசிப்பது

இந்த வழிகாட்டியின் மற்ற பகுதிகளை வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார். இந்தப் பகுதியை நிறுவனமே செய்தாக வேண்டும். ஒரு வாலிபால் வீரரைக் கற்பனை செய்துகொண்டு, அவர் இடக்கூடிய பதிவுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நெற்றி நிறைய விபூதியோடு கோப்பையைத் தூக்கிக்கொண்டு “எல்லாம் முருகன் அருள்” என்று எழுதுகிறார். அல்லது “இயேசு என்னோடு இருந்தார்” என்கிறார். அல்லது நோன்பு நாளில் ஆடியதைப் பற்றி நன்றியோடு எழுதுகிறார். அல்லது “கடவுளும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை, பயிற்சிதான் ஜெயித்தது” என்கிறார். இவற்றில் எதிலும் நடவடிக்கைக்கு இடமில்லை. புகார்கள் மட்டும் வரும். 2025 அக்டோபரில் உலகக் கோப்பை அரையிறுதியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 127 எடுத்த ஜெமிமா ரோட்ரிக்ஸ், இயேசுவுக்கு நன்றி சொன்னதற்காகச் சமூக ஊடகத்தில் வசைபாடப்பட்டார். வசை வந்தது என்பதாலேயே பேசியவர் தவறு செய்தவராகிவிடமாட்டார். புகார்களின் எண்ணிக்கையைச் சான்றாகக் கோப்பில் சேர்க்காதீர்கள்.

அடுத்து, “என் தெய்வத்தை ஏற்காதவருக்கு மீட்பு இல்லை” என்று எழுதுகிறார். இதுதான் கடினமான இடம். உலகின் பல சமயங்களின் நூல்களில் இத்தகைய கூற்று உண்டு. அதைச் சொல்வது அந்த நம்பிக்கையின் ஒரு பகுதி என்று அவர் வாதிட்டால், அதை எளிதில் தள்ள முடியாது. அதேநேரம், உடை மாற்றும் அறையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் தன்னைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்வதும் இயல்பு. என் கருத்தில், கோட்பாடாகப் பொதுவாகச் சொல்லப்பட்டது நடவடிக்கைக்கு உரியதன்று. உட்கார்ந்து பேசுவதற்கு உரியது. இன்னின்ன மனிதர்கள் என்று பட்டியலிட்டு, அவர்களை இழிந்தவராகக் காட்டும்போதுதான் அது விதியை நெருங்குகிறது. ஃபொலாவின் பதிவு இந்த எல்லைக்கோட்டின் மீதே விழுந்தது என்பதால்தான் அறிவார்ந்தவர்களே அதில் இரு பக்கமாகப் பிரிந்தார்கள்.

மூன்றாவதாக, “அந்த மதத்தவன் கடையில் வாங்காதே, அவனுக்கு வீடு கொடுக்காதே” என்று எழுதுகிறார். இது நம்பிக்கையின் வெளிப்பாடாக நின்றுவிடவில்லை. செயலுக்கான அழைப்பு ஆகிவிட்டது. விதிமீறலுக்கு அப்பால், பிரிவினரிடையே பகையை வளர்ப்பது பற்றிய பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-ஆம் பிரிவு வரை இது போகலாம். வேண்டுமென்றே, தீய நோக்கத்துடன் ஒரு பிரிவினரின் சமய உணர்வை இழிவுபடுத்துவது பற்றிய 299-ஆம் பிரிவு வேறு இருக்கிறது. அதற்காக, நிறுவனமே காவல் நிலையத்துக்கு ஓடி, முதல் தகவல் அறிக்கையை ஒழுங்கு நடவடிக்கைக்கு மாற்றாகப் பயன்படுத்துவது கெட்ட வழக்கம். முதல் தகவல் அறிக்கை குற்றச்சாட்டின் பதிவு மட்டுமே.

நான்காவதாக, எழும்பூர் மைதானத்தில் இறுதிப் போட்டியில் தோற்ற ஹாக்கி அணியின் வீரர் ஒருவர், தன் அணியின் கோல்கீப்பருடைய மதத்தைச் சுட்டி, அவர் வேண்டுமென்றே விட்டுவிட்டார் என்ற தொனியில் எழுதுகிறார் என்று வையுங்கள். இங்கே மதச் சுதந்திரக் கேள்வியே எழவில்லை. சக ஊழியர்மீதான துன்புறுத்தல். விரைந்தும் கடுமையாகவும் செயல்படலாம்.

வாசித்து முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். அந்தப் பதிவில் உள்ள மதத்தின் பெயரை எடுத்துவிட்டு, உங்கள் சொந்த மதத்தின் பெயரைப் போட்டும், பிறகு ‘நாத்திகர்’ என்று போட்டும் படித்துப் பாருங்கள். முடிவு மாறினால், நீங்கள் விதியை வைத்து அளக்கவில்லை. தமிழ்நாட்டில் இது வெறும் தத்துவச் சோதனை இல்லை. பகுத்தறிவுப் பிரச்சாரமும் பக்தியும் ஒரே தெருவில் ஒலிபெருக்கி வைத்துக்கொள்ளும் ஊர் இது. பிள்ளையாரைக் கேலி செய்த பதிவுக்கு ஒரு மெமோவும், அதே அளவுக்கு இன்னொரு நம்பிக்கையைக் கேலி செய்த பதிவுக்கு மௌனமும் என்றால், பாகுபாடு என்ற வாதத்தை எதிர்த்தரப்புக்கு நீங்களே எழுதிக் கொடுத்ததாகும்.

ஐந்தாம் படி: முதல் இரண்டு நாட்கள்

தொலைக்காட்சி அழைக்கும், விளம்பரதாரர் அழைப்பார், மேலிடம் அழைக்கும். அப்போது வெளியிட வேண்டியது மூன்றே வாக்கியங்கள்: பதிவு எங்கள் கவனத்துக்கு வந்துள்ளது; அது நிறுவனத்தின் கருத்தன்று; விதிகளின்படி பரிசீலிக்கிறோம். இதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். ‘கடும் நடவடிக்கை உறுதி’ என்று கேமரா முன் சொன்ன அதிகாரியே பின்னர் ஒழுங்கு நடவடிக்கை அதிகாரியாக உட்கார்ந்தால், முன்முடிவோடு இருந்தார் என்ற ஒரே காரணத்தால் முழு நடவடிக்கையும் ஆட்டம் காணும்.

தற்காலிகப் பணிநீக்கத்தைச் சட்டம் தண்டனையாகக் கருதுவதில்லை. ஆனால் தேசியப் போட்டி அடுத்த வாரம் இருக்கும்போது சஸ்பென்ஷன் வாங்கும் வீரருக்கு அது தண்டனையேதான். எழுத்தர் ஒருவர் இழக்கும் இரண்டு மாதமும் இருபத்தெட்டு வயது ஸ்பைக்கர் இழக்கும் இரண்டு மாதமும் ஒன்றல்ல. அவர் பணியில் இருந்தால் சாட்சிகளை மிரட்டுவார், அணிக்குள் மோதல் வெடிக்கும் என்பது போன்ற காரணம் இருந்தால் மட்டும் செய்யுங்கள். காரணத்தைக் கோப்பில் எழுதுங்கள். பிழைப்பூதியத்தைத் தாமதிக்காமல் கொடுங்கள். குற்றச்சாட்டுக் குறிப்பாணை தராமல் சஸ்பென்ஷனை மூன்று மாதத்துக்கு மேல் நீட்டக் கூடாது என்று 2015-ல் அஜய் குமார் சவுத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது.

அணியிலிருந்து மட்டும் ஓசையில்லாமல் விலக்கிவிடலாம் என்ற குறுக்குவழியும் உண்டு. ‘ஃபார்ம் இல்லை’ என்று கோப்பில் எழுதிவிட்டு வாட்ஸ்அப்பில் ‘அந்தப் பதிவுக்காகத்தான்’ என்று பேசிக்கொள்வது பின்னாளில் இரண்டையும் பொய்யாக்கும். தகுதிகாண் பருவத்தில் இருப்பவரைக் காரணம் சொல்லாமல் அனுப்பிவிடுவதும் இதே வகைதான். உத்தரவின் வடிவத்தை விட்டு அதன் உண்மையான காரணத்தை நீதிமன்றம் பார்க்கும் என்பது 1974-ஆம் ஆண்டின் ஷம்ஷேர் சிங் தீர்ப்புக் காலத்திலிருந்தே தெரிந்ததுதான்.

ஆறாம் படி: மெமோ எழுதுதல்

மோசமான மெமோ இப்படி இருக்கும்: “தாங்கள் சமூக ஊடகத்தில் மத உணர்வுகளைப் புண்படுத்தும் வகையில் கருத்துத் தெரிவித்து நிறுவனத்தின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்துள்ளீர்கள். ஏன் பணிநீக்கம் செய்யக் கூடாது என்பதற்கு 24 மணி நேரத்தில் விளக்கம் அளிக்கவும்.” எந்தப் பதிவு, எந்தச் சொல், எந்த விதி என்று எதுவும் இதில் இல்லை, தண்டனை மட்டும் முன்பே முடிவாகிவிட்டது.

நின்று பிடிக்கும் மெமோவில் பதிவின் வாசகம் ஓர் எழுத்து மாறாமல், எழுதப்பட்ட மொழியிலேயே இருக்கும். நாள், நேரம், கணக்கின் பெயர் இருக்கும். எந்த விதியின் எந்த உட்பிரிவு, அந்த வாசகத்தின் எந்தப் பகுதி அதை மீறுகிறது என்பது தனித்தனிக் குற்றச்சாட்டாக இருக்கும். ஆவணங்களின், சாட்சிகளின் பட்டியல் இணைக்கப்பட்டிருக்கும். பதிலுக்கு நியாயமான அவகாசம் தரப்பட்டிருக்கும். வீரரின் நம்பிக்கையைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. ‘தாங்கள் தீவிர மதப்பற்று உடையவர்’ என்ற ஒரே வரி, நன்றாகத் தயாரித்த கோப்பையும் மத அடிப்படையிலான நடவடிக்கையாக மாற்றிவிடும்.

விசாரணையும் தண்டனையும்

விசாரணை நடைமுறை மற்ற வழக்குகளுக்கு உள்ளதுதான்: விசாரணை அதிகாரி புகார் செய்தவராக இருக்கக் கூடாது, உதவிக்குச் சக ஊழியரை அழைத்துவர வீரருக்கு அனுமதி உண்டு, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம், அறிக்கையின் நகலைத் தந்து பதில் கேட்ட பிறகே முடிவு. மதம் சார்ந்த விவகாரம் என்பதால் கூடுதலாக ஒன்று மட்டும் சொல்வேன்: விசாரணை அதிகாரி வேதத்துக்குப் பொருள் சொல்லும் வேலையில் இறங்கக் கூடாது. ‘உங்கள் நூலில் அப்படி இல்லையே’ என்று கேட்கத் தொடங்கினால் விசாரணை பட்டிமன்றமாகிவிடும்.

தண்டனை அளவில்தான் நிறுவனங்கள் சறுக்குகின்றன. ஃபொலாவின் பதிவுக்கு இங்கிலாந்து ரக்பி வீரர் பில்லி வுனிபோலா அதே 2019 ஏப்ரலில் விருப்பக்குறி இட்டு, அதை ஆதரித்தும் எழுதினார். அவருக்குக் கிடைத்தது முறையான எச்சரிக்கை. கிரிக்கெட் வீரர் ஆலி ராபின்சன் 2012, 2013 ஆண்டுகளில், பதின்பருவத்தில் எழுதிய இனவெறி, பாலினவெறிப் பதிவுகள் 2021 ஜூனில் லார்ட்ஸில் அவருடைய முதல் டெஸ்ட் அன்றே வெளிவந்தன. அவற்றில் முஸ்லிம்களைப் பழிக்கும் பதிவும் இருந்தது. இங்கிலாந்து வாரியம் அவரை விலக்கிவைத்தது. இறுதியில் எட்டு ஆட்டத் தடை. அவற்றில் ஐந்து நிறுத்திவைக்கப்பட்டன. மீதி மூன்றை அதற்குள் அவர் அனுபவித்து முடித்திருந்தார். 3,200 பவுண்டு அபராதமும் விழுந்தது. பின்னர் அவர் இங்கிலாந்துக்காக மீண்டும் ஆடினார். இன்னொரு பக்கம், காசா போர் பற்றிய பதிவுகளுக்காக 2023 நவம்பரில் அன்வர் எல் காசியின் ஒப்பந்தத்தை முறித்த ஜெர்மனியின் மைன்ஸ் கால்பந்துக் கழகத்தின் முடிவு செல்லாது என்று அவ்வூர்த் தொழிலாளர் நீதிமன்றம் 2024 ஜூலையில் கூறியது. அது மதத்தைவிட அரசியலுக்கு நெருங்கிய விவகாரம் என்றாலும், உச்சத் தண்டனைக்கு நேராகத் தாவுவதன் ஆபத்தைக் காட்டுகிறது.

முதல் முறையா, முன் எச்சரிக்கை உண்டா, பதிவு எப்போது எழுதப்பட்டது, எழுதினாரா பகிர்ந்தாரா வெறும் விருப்பக்குறி இட்டாரா, சொன்னவுடன் நீக்கினாரா, யாரையாவது பெயர் சொல்லிக் குறிவைத்தாரா என்பவற்றை எடைபோட்டு, ஏன் இந்தத் தண்டனை, ஏன் இதற்கும் குறைந்தது போதாது என்று உத்தரவிலேயே எழுதுங்கள். வேலையில் சேர்வதற்கு முன் எழுதியதை, அன்று இல்லாத விதியைக் கொண்டு தண்டிக்க முடியாது. ஆனால் அதை நீக்கச் சொல்லலாம்; மறுத்தால், மறுத்த நாளிலிருந்து கணக்கு வேறு. கட்டாய மன்னிப்பு வீடியோவைத் தண்டனையில் சேர்க்காதீர்கள். நம்பிக்கையைக் கைவிடச் சொல்வதாக அது புரிந்துகொள்ளப்படும். புண்பட்டவருக்கும் அதில் ஆறுதல் கிடைப்பதில்லை. புண்பட்ட சக வீரர் விரும்பினால், இருவரையும் தனியாக உட்காரவைத்துப் பேச ஏற்பாடு செய்வது அதைவிட மேல்.

மெமோ கைக்கு வந்துவிட்ட வீரருக்கு

முதல் வேலை, பதிவை அவசரமாக நீக்குவதற்கு முன் முழு உரையாடலையும் உங்களுக்காகச் சேமித்துக்கொள்வது. வெட்டப்படாத பதிப்பு உங்களிடம் மட்டுமே இருக்கக்கூடும். இரண்டாவது, அதைப் பற்றி விளக்கப் பதிவு போடாமல் இருப்பது. நண்பர்கள் ‘விடாதே மச்சி’ என்று உசுப்பேற்றுவார்கள். விசாரணை அறையில் அவர்கள் இருக்கமாட்டார்கள்.

மெமோவை வாங்க மறுக்காதீர்கள். வாங்கி, தேதி போட்டுக் கையெழுத்திட்டு, ஆவண நகல்களைக் கேட்டு எழுதுங்கள். பதிலில் உங்கள் நம்பிக்கையை நிறுவ முயல வேண்டாம். அது உங்களிடம் கேட்கப்படவில்லை. எந்த விதி எனக்கு எப்போது தெரிவிக்கப்பட்டது, பதிவில் நிறுவனத்தின் பெயர் எங்கே, இதே போன்ற பதிவிட்ட மற்றவர்மீது என்ன செய்யப்பட்டது என்று கேளுங்கள். யாரையாவது உண்மையிலேயே புண்படுத்தியிருந்தால் அதற்கு மட்டும் வருத்தம் தெரிவிக்கலாம். நம்பிக்கையை விட்டுக்கொடுக்காமலேயே அதைச் செய்ய முடியும். சங்கம் இருந்தால் அன்றே சொல்லுங்கள்.

தண்டனை வந்தால் மேல்முறையீட்டுக் கெடு ஓடத் தொடங்கிவிடும். ரயில்வேயிலும் மற்ற மத்திய அரசு அலுவலகங்களிலும் துறைக்குள் மேல்முறையீட்டுக்கு 45 நாட்கள். அதன் பிறகும் தீராவிட்டால் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு. இறுதி உத்தரவிலிருந்து ஓராண்டுக்குள் மனு செய்ய வேண்டும். மாநில அரசு ஊழியரும் பொதுத்துறை வங்கி ஊழியரும் உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனுவோடு போகலாம். தனியார் நிறுவனத் தொழிலாளி முதலில் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் போக வேண்டும். நடவடிக்கை எடுத்தது கிரிக்கெட் வாரியமாக இருந்தால், அது அரசின் அங்கம் இல்லை என்றாலும் அரசமைப்பின் 226-ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றம் கேட்கும் என்று 2005-ன் ஜீ டெலிஃபிலிம்ஸ் தீர்ப்பு வழிவிட்டிருக்கிறது.

பல விவகாரங்கள் அங்கெல்லாம் போகாமல் சமரசத்தில் முடியும். அப்படி முடியும்போது ஒப்பந்தத்தில் நான்கு செய்திகள் எழுத்தில் இருக்கட்டும்: பதிவு நீக்கப்படுமானால் எந்தத் தேதிக்குள், இரு தரப்பும் வெளியில் சொல்லப்போகும் வாசகம் என்ன, பணிப்பதிவேட்டில் என்ன குறிக்கப்படும், வேறு அணிக்கு மாற வீரர் கேட்டால் தடையில்லாச் சான்று எத்தனை நாளில் தரப்படும். கடைசியாகச் சொன்னது இல்லாமல் கையெழுத்திடும் வீரருக்கு வேலை மீண்டும் கிடைக்கலாம். அடுத்த சீசன் கிடைக்காமல் போகலாம்.